சத்தியத்தை நம்பிக் கோட்டையைத் திறந்த ராணி மீனாட்சி



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு நம்ம தலைவி அக்கா சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். ஆனாலும் பள்ளிக்கூடத்துலேயே எனக்கு வரலாறுன்னா பிடிக்கும். எங்க குழுவுல ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனப்போ, விஜயரங்க சொக்கநாத நாயக்கர் குடும்பத்தோடு நிற்கிற சிலைகளைப் பார்த்தோம். "இவருக்கு அப்புறம் யார் ஆண்டது?"ன்னு கூட வந்த ஒரு அக்கா கேட்டாங்க. எங்க யாருக்கும் பதில் தெரியலை. திரும்பி வந்து நூலகத்துல தேடிப் படிச்சேன். ஆண்டது ஒரு பெண். அவர் பெயர் ராணி மீனாட்சி.

ராணி மங்கம்மாளை நமக்கு எல்லாருக்கும் தெரியும். சாலை போட்டவர், சத்திரம் கட்டினவர். அவருடைய பேரன்தான் விஜயரங்க சொக்கநாதர். அந்தப் பேரனின் மனைவி மீனாட்சி. 1732 வாக்கில் கணவர் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அப்போது மதுரை நாயக்கர்களுக்குத் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. கணவனை இழந்த ஒரு பெண் அந்தக் கோட்டையில் உட்கார்ந்து ராஜ்ஜியத்தைக் கவனிக்க வேண்டிய நிலைமை.

வாரிசு வேண்டுமே என்று சொந்தத்திலேயே ஒரு பையனைத் தத்து எடுத்தார். பையன் பெயர் விஜயகுமாரன். அவனுடைய அப்பா வங்காரு திருமலை, நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்தவர். தன் மகன்தானே நாளைக்கு ராஜா என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்குத்தான் பட்டம் வரணும் என்று கிளம்பினார். திருச்சிக் கோட்டையைப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. மடியில் பிள்ளையைக் கொடுத்த கையே ராணியின் கழுத்தைப் பிடித்தது.

அந்த நேரம் பார்த்து 1734-ல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியின் படை தெற்கே வந்தது. மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிப்பும் கூட வந்தார்கள். வங்காரு திருமலை அவர்களிடம் போய், பட்டம் எனக்கு என்று தீர்ப்புச் சொன்னால் 30 லட்சம் ரூபாய் தருகிறேன் என்றார். சப்தர் அலி சரி என்று சொல்லி, காரியத்தை முடிக்கும்படி சந்தா சாகிப்பிடம் விட்டுவிட்டுப் போனார்.

மீனாட்சி என்ன செய்வார்? சொந்தக்காரர் எதிரில் நிற்கிறார், அந்நியப் படை வாசலில் நிற்கிறது. அவர் சந்தா சாகிப்பிடம் 1 கோடி தருவதாகப் பேசினார். அதோடு விடவில்லை, எனக்குத் துரோகம் பண்ண மாட்டேன் என்று சத்தியம் பண்ணித் தரச் சொன்னார். சந்தா சாகிப் திருக்குரான் மேல் சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் அவரைக் கோட்டைக்குள் விட்டார் ராணி. அது குரானே இல்லை, பட்டுத்துணி சுற்றின செங்கல் என்றும் ஒரு கதை உண்டு.

1736-ல் சந்தா சாகிப் மறுபடியும் வந்தார். மறுபடியும் கதவு திறந்தது. தெற்கே இருந்த வங்காரு திருமலை மேல் படை நடத்தினார். இப்போது கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் இருக்கிற அம்மையநாயக்கனூரில் சண்டை. வங்காரு திருமலை தோற்று சிவகங்கைக்கு ஓடினார். எதிரி ஒழிந்தார் என்று ராணி நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். ஆனால் அதற்குப் பிறகுதான் சந்தா சாகிப் தன் சுயரூபத்தைக் காட்டினார். ராணியை அவர் அரண்மனையிலேயே அடைத்துவைத்து, இனி நான்தான் ராஜா என்றார். மீனாட்சி விஷம் குடித்து உயிரை விட்டார். 200 வருஷ நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கு. ராணிக்குச் சந்தா சாகிப் மேல் காதல், அதனால்தான் ஏமாந்தார் என்றும் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். ஆம்பளை ராஜா ஒருத்தரை நம்பிக் கெட்டால் அரசியல்ல ஏமாந்தார் என்பார்கள். பொம்பளை நம்பிக் கெட்டால் மட்டும் காதல் என்று முடித்துவிடுகிறார்கள். அவர் பணம் பேசினார், சத்தியம் கேட்டார், அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தார். புத்தி இல்லாதவர் செய்கிற வேலையா இது? கெடுத்தது காதல் இல்லை, வீட்டுக்குள்ளே இருந்த பங்காளிச் சண்டை. அந்தச் சண்டையில் மூன்றாவது ஆளிடம் பஞ்சாயத்துக்குப் போனதால் இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. சந்தா சாகிப்புக்கும் அது நிலைக்கவில்லை. 1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து அவரைக் கைதியாக சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். 1752-ல் தஞ்சாவூர்ப் படைத் தளபதியின் கையில் உயிர் போனது.

சத்தியம் பண்ணின நூல் மேல் குற்றமில்லை, பண்ணின ஆள் மேல்தான். எங்க சின்னம்மாவுக்கும் பிள்ளை இல்லை. சித்தப்பா போன பிறகு, கொழுந்தனார் மகனைத்தான் பிள்ளையாக வளர்த்தாங்க. "கடைசிவரைக்கும் உன்னை நாங்க பார்த்துக்குவோம்"னு கொழுந்தனார் அம்மன் கோயிலில் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணினார். அதை நம்பி ஒரு பத்திரத்துல கைநாட்டு வெச்சாங்க. அதுல என்ன எழுதியிருந்ததுன்னு யாரும் படிச்சுக் காட்டலை. முக்கால் ஏக்கர் போச்சு. ராணியின் கதையை நான் சொன்னப்போ சின்னம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அவங்களுக்காவது கோட்டை இருந்துச்சு. நமக்குக் குழு இருக்குடி"ன்னாங்க.

இப்போ அவங்க எங்க குழுவுல கையெழுத்துப் போடுறாங்க. தீர்மான நோட்டை வாசிச்சுக் காட்டாம பேனாவையே தொட மாட்டாங்க. சில பேருக்கு அது எரிச்சலா இருக்கும். தயவுசெய்து யாரும் சலிச்சுக்காதீங்க. சொந்தமோ அந்நியமோ, யார் சத்தியம் பண்ணினாலும் கேட்டுக்குவோம். ஆனால் எழுதினதைப் படிச்ச பிறகுதான் கதவைத் திறக்கணும்.