சிகிச்சையாளரா, பயிற்றுநரா? ஓர் எல்லைக்கோட்டின் வரலாறு

வாழ்க்கையில் முடங்கிப்போயிருப்பதாக உணர்கின்ற ஒருவர் இன்று லண்டனிலோ டொரொன்டோவிலோ கொழும்பிலோ உதவி தேட முனைந்தால், உளச்சிகிச்சையாளரிடம் செல்வதா அல்லது 'வாழ்க்கைப் பயிற்றுநர்' என்று தம்மை அழைத்துக்கொள்பவரிடம் செல்வதா என்ற கேள்வி எழுகிறது. சிகிச்சை கடந்தகாலக் காயங்களைப் பார்க்கும், பயிற்சி எதிர்கால இலக்குகளைப் பார்க்கும் என்பதே வழமையாகக் கிடைக்கும் பதில். கேட்பதற்கு அது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த எல்லைக்கோடு வரையப்பட்ட வரலாற்றை நோக்கினால், மனித மனதின் இயல்பைக் காட்டிலும் நீதிமன்றங்களும் சட்டசபைகளும் தொழில்சார் சங்கங்களுமே அதில் கூடுதல் பங்கை வகித்திருக்கின்றன என்பது புலப்படும்.

இந்தத் தகராறு வியன்னாவில் தொடங்கியது. சிக்மண்ட் பிராய்டின் சீடரான தியோடர் ரைக் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் வைத்தியர் அல்ல. அவரிடம் உளப்பகுப்பாய்வுக்கு வந்த அமெரிக்கர் ஒருவரின் முறைப்பாட்டையடுத்து, போலி வைத்தியத்துக்கு எதிரான ஆஸ்திரியச் சட்டத்தின் கீழ் அவர் குற்றஞ்சாட்டப்பட்டார். சீடரைப் பாதுகாக்க 1926 ஆம் ஆண்டில் பிராய்ட் ஒரு சிறுநூலையே எழுதினார். பக்கச்சார்பற்ற ஒருவருடன் நடத்தும் உரையாடலாக அமைந்த அந்த நூலில் அவர் முன்வைத்த வாதம் இன்றும் சிந்திக்கத்தக்கது. மருத்துவக் கல்லூரி உடலைப் பற்றிக் கற்பிக்கிறதே தவிர, மனதைப் புரிந்துகொள்ள அவசியமான நாகரிக வரலாறு, புராணவியல், சமய உளவியல், இலக்கியம் ஆகியவற்றைக் கற்பிப்பதில்லை என்றார் அவர். ரைக்குக்கு எதிரான வழக்கு 1927 இல் கைவிடப்பட்டது.

அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்கள் தங்கள் குருவின் பேச்சைக் கேட்கவில்லை. வைத்தியர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி அளிப்பதில்லை என்று அவர்களது சங்கம் 1938 இல் தீர்மானித்தது. அதே வருடம் நாஜிகளிடமிருந்து தப்பி நியூயோர்க் வந்துசேர்ந்த ரைக், வைத்தியர் இல்லை என்ற காரணத்துக்காக அங்கும் முழு அங்கத்துவம் மறுக்கப்பட்டு, 1948 இல் தனியாக ஒரு சங்கத்தை அமைக்க வேண்டியதாயிற்று. உளவியலாளர்கள் இந்தத் தடையை எதிர்த்து நீதிமன்றம் சென்றது 1985 இல்தான்.

வைத்தியர்களின் இந்த ஏகபோகத்தைச் சுற்றிப்போக வேறொரு மார்க்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது, பெயரை மாற்றுவது. உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1942 இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'கவுன்சிலிங்' என்ற சொல்லை உளச்சிகிச்சைக்கு அருகில் வைத்தார். 'நோயாளி' என்பதற்குப் பதிலாக 'கிளையன்ட்' என்று எழுதினார். எமது நாட்டில் உளவளத்துணை என்று நாம் அழைப்பது இந்த மரபில் வந்ததே. ரொஜர்ஸ் செய்ததற்கும் சிகிச்சைக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இருக்கவில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

பயிற்றுநரைக் குறிக்கும் 'கோச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தனிக் கதை உண்டு. ஹங்கேரியில் கொச் என்ற கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டியின் பெயர் அது. மாணவனைப் பரீட்சையின் மறுகரைக்கு ஏற்றிச்செல்பவர் என்ற கேலியில் 19 ஆம் நூற்றாண்டு ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் தனிப்பட்ட ஆசிரியர்களை அவ்வாறு அழைக்க, பின்னர் விளையாட்டுத்துறை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. விளையாட்டு மைதானத்தில் இருந்து அது வாழ்க்கைக்குள் நுழையக் காரணமானவர் ரிமோதி கால்வே. ரெனிஸ் வீரனின் உண்மையான எதிரி வலைக்கு அப்பால் நிற்பவன் அல்ல, தனது தலைக்குள் இருந்து குறைகூறிக்கொண்டிருக்கும் குரலே என்று 1974 இல் வெளியான தனது நூலில் அவர் எழுதினார். பிரிட்டிஷ் காரோட்டப் பந்தய வீரர் ஜோன் விட்மோர் அந்தச் சிந்தனையை நிறுவன முகாமையாளர்களிடம் கொண்டுசென்றார். நிதித் திட்டமிடல் ஆலோசகராக இருந்த தொமஸ் லெனார்ட் அமெரிக்காவில் 1992 இல் பயிற்றுநர்களை உருவாக்கும் ஒரு கல்விநிலையத்தையும், 1995 இல் சர்வதேச பயிற்றுநர் சம்மேளனத்தையும் ஆரம்பித்தார்.

இவர்களில் எவருமே தங்களைச் சிகிச்சையாளர் என்று கூறவில்லை. அவ்வாறு கூறாதிருப்பதிலேயே அவர்களது சுதந்திரம் தங்கியிருந்தது. கொலராடோ மாநிலத்தில் உளச்சிகிச்சைச் சட்டம் பயிற்றுநர்களுக்கும் பொருந்துமா என்ற சர்ச்சை கிளம்பி, 2004 இல் அவர்களுக்கு விலக்களிக்கப்பட்டது.

சட்டத்தில் கோடு கீறிவிடலாம். துன்பத்துடன் வருபவருக்கு அந்தக் கோடு தெரியுமா? அவுஸ்திரேலியாவில் 2000களின் நடுப்பகுதியில் வெளியான ஆய்வுகளில், வாழ்க்கைப் பயிற்சிக்கு முன்வந்தவர்களில் ஒன்றில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கும், இன்னொன்றில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கும் சிகிச்சை மட்டத்திலான மனநெருக்கடி இருந்தமை தெரியவந்தது. இது சாதாரணமான விடயம் அல்ல. 'நான் நோயாளி அல்ல' என்று சொல்லிக்கொள்ள உதவும் இடத்தையே மனம் நொந்தவர்கள் நாடிச்செல்கிறார்கள். மனநோய் என்ற சொல்லுக்கே அஞ்சி, கல்யாணப் பேச்சுவார்த்தை முடியும்வரை எதையும் மறைத்துவைக்கும் எமது சமூகத்துக்கு இதை விளக்கிக் கூறவேண்டிய தேவையில்லை.

தொழிலை மாற்ற விரும்புபவர், மேடையில் பேசத் தயங்குபவர், தொடங்கிய காரியத்தை முடிக்க இயலாதவர் ஆகியோருக்கு நல்ல பயிற்றுநர் போதும். சிகிச்சை என்று வருடக்கணக்கில் அவர்கள் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் இரு வாரங்களுக்கு மேலாக உறக்கம் குலைந்து, எதிலும் நாட்டமற்று, சாவைப் பற்றிய எண்ணம் வந்துபோகிறது என்றால் இலக்குகளைப் பட்டியலிடச் சொல்பவரிடம் போவது ஆபத்தானது. இலக்கை அடையாதபோது அது இன்னொரு தோல்வியாகவே அவருக்குத் தோன்றும். அவர் நாட வேண்டியது வைத்தியரை.

பட்டத்தை மாத்திரம் நம்புவதும் சரியல்ல. பிரிட்டனில் 'உளச்சிகிச்சையாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 'கிளினிக்கல் உளவியலாளர்' என்பதற்கு 2009 முதல் உண்டு. எமது மக்கள் பெருமளவில் வாழும் ஒன்ராறியோவில் 2007 இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ், உளச்சிகிச்சையாளர் என்ற பெயர் 2015 முதல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அங்கே தவறிழைக்கும் சிகிச்சையாளரின் பதிவை ரத்துச்செய்ய ஓர் அமைப்பு இருக்கிறது. சங்கத்தில் இருந்து நீக்கப்படும் பயிற்றுநரோ, மறுநாளே அதே பெயர்ப்பலகையுடன் தொழிலைத் தொடரலாம்.

சர்வதேச பயிற்றுநர் சம்மேளனமே, தன்னிடம் வருபவரை எப்போது சிகிச்சையாளரிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்று தனது உறுப்பினர்களுக்கு 2018 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பயிற்றுநரைத் தெரிவுசெய்பவர்கள், கட்டணத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னர், அவ்வாறு எவரையாவது எப்போதாவது அனுப்பியிருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டுப்பார்க்கலாம்.