பக்கிங்காம் கால்வாய்: தோண்டியவர்களும் தூர்த்தவர்களும்

பாவேந்தரின் 'மாவலிபுரச் செலவு' பாட்டைப் பயின்றோர் பக்கிங்காம் கால்வாயை அறிவர். ஓடத்தைக் கயிறு கட்டி இழுக்கும் தொழிலாளரின் துயர் அப்பாட்டில் உண்டு. கால்வாய் பிறந்த வரலாறும் அத்தகையதே.

1806இல் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டுவித்த வாய்க்கால், பின்னர் அரசின் கைக்கு வந்து படிப்படியாக நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி மட்டும் 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த மக்கள் அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தனர். பெயரோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனைச் சேர்ந்தது!

விறகும் உப்பும் ஏற்றிவந்த ஓடங்கள், இருப்புப்பாதையும் லாரியும் பெருகியபின் குறைந்தன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. நகருக்குள் ஓடிய பகுதி சாக்கடையாயிற்று.

தூர்வாரும் பணி பலமுறை நடந்ததுண்டு. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால், அடுத்த மழை அதை உள்ளே சேர்த்துவிடும். கழிவுநீர் வந்து விழும் வாய்களை அடைக்காமல் ஆழப்படுத்துவது, கழிவுக்கு இடம் அகலப்படுத்துவதேயாகும். கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல்மேடு மூடும்போது கடலேற்றமும் உட்புகுந்து கால்வாயைக் கழுவுவதில்லை.

எனினும் தூய்மைப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் சுட்டப்படுவது கரையோரக் குடிசையே. மாடி வீடுகளின் கழிவுக்குழாய் எவர் கண்ணிலும் படுவதில்லை. சென்னையின் நீர்வழிக் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, 2000ஆம் ஆண்டுக்குப்பின் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளியும் தொலைவாயின. 1990களில் கால்வாய்க்குள் ஊன்றிய பறக்கும் ரயிலின் தூண்கள் இன்றும் நீரிலேயே நிற்கின்றன.