கணக்கேடு துணியான வரலாறு

எழுதித் தீர்ந்த தாளைக் குப்பையென்று ஒதுக்காமல், அதைக் கூழாக்கிப் புதுத் தாளாகவும், திரித்து நூலாக்கித் துணியாகவும் மாற்றிக்கொண்ட மரபு ஜப்பானில் பல நூற்றாண்டுகள் நிலைபெற்றிருந்தது. தாளைக் கிழித்து ஒட்டி ஓவியத்துக்கு நிகரான அழகைப் படைக்கும் கலையும் அதே மண்ணில் வளர்ந்தது. பழந்தாளை நெய்தும் ஒட்டியும் கலைப்பொருள் செய்யும் இன்றைய முயற்சிகள் பெரும்பாலும் சுற்றுச்சூழல் அக்கறையோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகின்றன. ஜப்பானிய மரபிலோ சிக்கனம், பற்று, அழகுணர்வு ஆகிய மூன்றும் ஒரே கைத்தொழிலுக்குள் கூடியிருந்தன; பழைய தாளின் தடயத்தை மறைக்காமல், அதையே புதிய பொருளின் சிறப்பாக ஏற்றுக்கொண்ட மனப்போக்கும் அங்கே வேரூன்றியிருந்தது.

இந்த மரபுக்கு அடிப்படையாக அமைந்தது தாளின் இழைவலிமை. கொகுர்யோ நாட்டிலிருந்து வந்த புத்தத் துறவி ஒருவர் தாளும் மையும் செய்யும் நுட்பம் அறிந்தவராக இருந்தார் என்று ‘நிஹோன் ஷோகி’ என்னும் பழைய வரலாற்று நூல் 610ஆம் ஆண்டுக் குறிப்பில் கூறுகிறது. அதன்பின் ஜப்பானியர் கோசோ எனப்படும் காகித முசுக்கொட்டைச் செடியின் உள்பட்டையைத் தம் முதன்மையான மூலப்பொருளாக்கிக்கொண்டனர். தண்டை ஆவியில் வேகவைத்து, பட்டையை உரித்து, சாம்பல் காரநீரில் கொதிக்கவிட்டு, தடியால் அடித்துப் பிரித்தெடுக்கும் இந்த இழை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுடையது. மரக்கூழின் இழையோ பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. வெண்டையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் வழவழப்பான சாற்றைத் தொட்டிநீரில் கலந்து, மூங்கில் பாயை முன்னும் பின்னும் அசைத்துக் கூழைப் படியவைக்கும்போது இந்த நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அவ்வாறு உருவான தாள் நனைந்தாலும் எளிதில் சிதையாது, திரித்தாலும் அறுந்துபோகாது என்பதால், அதன் ஆயுள் எழுத்தோடு முடிந்துவிடவில்லை.

மறுபயன்பாட்டின் மிக எளிய வடிவம் தாளின் பின்பக்கத்தில் எழுதுவதாகும். 702ஆம் ஆண்டில் மினோ, சிக்குசென் முதலிய பகுதிகளில் எடுக்கப்பட்ட குடும்பப் பதிவேடுகள் அரசுக்குத் தேவைப்படாத காலம் வந்தபோது, நாரா நகரின் தோதாய்ஜி கோயிலைச் சார்ந்த சூத்திரப் படியெடுப்பு அலுவலகத்தார் அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தைத் தம் கணக்குகளுக்குப் பயன்படுத்தினர். அந்தக் கணக்குகள் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்பட்டதால்தான், ஜப்பானில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய குடும்பப் பதிவேடுகள் வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்திருக்கின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் கமியாயின் என்னும் அரசுத் தாள் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் மாகாணங்களிலிருந்து வரும் மூலப்பொருள் குறைந்தபோது, இந்தத் தொழிற்கூடம் பழைய ஆவணங்களை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி மீண்டும் தாள் வார்க்கும் இடமாக மாறியது. அங்கு உருவான மறுவார்ப்புத் தாளுக்கு ஷுகுஷி என்று பெயர். ஜப்பானிய மை புகைக்கரியையும் பசையையும் சேர்த்துச் செய்யப்படுவது. பசை நீரில் கரைந்தாலும் கரித்துகள் இழைகளிலேயே தங்கிவிடும். ஆகவே ஷுகுஷி வெண்மையாக அமையாமல், மழைமேகம் போன்ற சாம்பல் நிறத்தோடு அமைந்தது. ஆயினும் அதை யாரும் இழிந்த தாளாகக் கருதவில்லை; பேரரசரின் விருப்பத்தை அவருடைய அந்தரங்க அலுவலர்கள் எழுதி அனுப்பும் ‘ரின்ஜி’ எனப்பட்ட ஆணைகள் இந்தச் சாம்பல்நிறத் தாளிலேயே எழுதப்படுவது வழக்கமாயிற்று.

மறுவார்ப்புக்குப் பற்றும் ஒரு காரணமாக இருந்தது என்பதற்குச் சான்று 901இல் முடிக்கப்பட்ட ‘நிஹோன் சாண்டாய் ஜிட்சுரோகு’ என்னும் அரசு வரலாற்றில் உள்ளது. பேரரசர் செய்வாவின் துணைவியருள் ஒருவரான ஃபுஜிவாரா நோ தமிகோ, பேரரசர் இறந்தபின் அவர் தமக்கு எழுதிய மடல்களையெல்லாம் திரட்டி, அவற்றை மறுவார்ப்புச் செய்து, அந்தத் தாளில் தாமரைச் சூத்திரத்தைப் படியெடுக்கச் செய்தார் என்று அந்நூல் குறிப்பிடுகிறது. இறந்தவரின் கையெழுத்து கண்ணுக்குப் புலப்படாமல் போனாலும், அதன் மை சூத்திரத்தைத் தாங்கும் தாளின் நிறமாக எஞ்சியிருக்கும் என்னும் எண்ணத்தில் துயரும் வேண்டுதலும் ஒன்றாயின.

தாளை ஒட்டிச் சித்திரமாக்கும் கலை அரண்மனைச் சூழலில் வளர்ந்து, 12ஆம் நூற்றாண்டில் உச்சத்தை எட்டியது. கியோட்டோவின் நிஷி ஹோங்கான்ஜி கோயிலில் பாதுகாக்கப்படும் முப்பத்தாறு கவிஞர்களின் தொகுப்பு 1112ஆம் ஆண்டையொட்டி, பதவி துறந்த பேரரசர் ஷிரகாவாவின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக உருவாக்கப்பட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இதன் ஏடுகள் பலவற்றில் ‘ட்சுகிகமி’ என்னும் இணைப்புத் தாள் நுட்பம் கையாளப்பட்டுள்ளது. வெவ்வேறு நிறத் தாள்களைக் கத்தியால் நேர்கோட்டில் வெட்டி இணைப்பது கிரிட்சுகி. கையால் கிழித்து, இழை நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்போடு ஒட்டுவது யபுரிட்சுகி. ஒரே நிறத்தின் அடர்விலிருந்து வெளிர்வரையிலான மெல்லிய தாள்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி அடுக்கி ஒட்டுவது கசனேட்சுகி. கிழிந்த விளிம்பின் வெண்ணிழைகள் அடுத்த தாளின் நிறத்தின்மேல் படியும்போது மலைச்சரிவும் நீர்க்கரையும் தோன்றுகின்றன. அவற்றின் மீது கவிதை வரிகள் இணைப்புகளைக் கடந்து ஓடுகின்றன. இவை ஏழைகளின் பழந்தாள்கள் அல்ல, விலைமதிப்புள்ள தாள்கள். ஆயினும் கிழிசலையும் இணைப்பையும் ஒளிக்காமல் அவற்றையே அழகாக்கும் நோக்கு மறுவார்ப்புத் தாளின் மரபோடு உறவுடையது. இத்தொகுப்பின் இரண்டு பகுதிகள் 1929இல் தனித்தனி ஏடுகளாகப் பிரித்து விற்கப்பட்டன. எஞ்சியவை தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளன.

அரண்மனையில் அலங்காரமாக இருந்த தாள் நாட்டுப்புறத்தில் ஆடையாயிற்று. தொக்குகாவா ஆட்சிக்காலத்தில் எடோ நகரத் தெருக்களில் பழந்தாளை விலைக்கு வாங்குவோரும் கிடந்த தாளைப் பொறுக்குவோரும் தனித் தொழிலினராக இருந்தனர். அவர்கள் திரட்டியது அசாகுசா பகுதியில் மறுவார்ப்புப் பெற்று மலிவான தாளாக மீண்டும் நகருக்கே திரும்பியது. ஆனால் குளிர் மிகுந்த வடகிழக்கு மாகாணங்களில் பருத்தி நன்கு விளையாததாலும், வெளியிலிருந்து வரும் பருத்தி நூல் உழவரின் கைக்கு எட்டாத விலையில் இருந்ததாலும், தாளிலிருந்தே நூல் எடுக்கும் ‘ஷிஃபு’ என்னும் நெசவு அங்கு வேர்கொண்டது. வணிகர்களின் பழைய கணக்கேடுகள் இதற்கு மிக ஏற்றவையாக இருந்தன. ஆண்டுக்கணக்கில் புரட்டப்பட வேண்டிய அந்த ஏடுகள் வலுவான கோசோத் தாளில் தைக்கப்பட்டிருந்தன.

ஷிஃபு நூல் உருவாகும் முறையில் கைத்திறனின் நுட்பம் முழுவதும் வெளிப்படுகிறது. தாளை மடித்து, இரு ஓரங்களிலும் சிறிது இடம் வெட்டுப்படாமல் இருக்கும்படி, இழை ஓடும் திசையில் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்தில் நெருக்கமாக வெட்டுகின்றனர். வெட்டிய தாளை ஈரத்துணிக்கிடையில் ஒரு முழு இரவு வைத்துப் பதப்படுத்தி, சொரசொரப்பான கல்லின் மீது இட்டு, உள்ளங்கைகளால் முன்னும் பின்னும் உருட்டும்போது தட்டையான கீற்றுகள் உருண்டை இழைகளாகின்றன. அதன்பின் வெட்டுப்படாத ஓரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிழிக்க, முழுத் தாளும் எங்கும் அறாத ஒரே இழையாக நீள்கிறது. திரும்பும் இடந்தோறும் எஞ்சும் சிறு முனையை விரல்களுக்கிடையில் திருகி ஒடுக்கிவிட்டு, ராட்டையில் முறுக்கேற்றித் தறிக்கு அனுப்புகின்றனர். பாவும் ஊடையும் தாள்நூலாகவே அமைவதுண்டு. பாவுக்குப் பருத்தி, பட்டு, சணல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தி ஊடைக்கு மட்டும் தாள்நூலை ஓட்டுவதும் உண்டு. கணக்கேட்டுத் தாளில் நெய்த துணியில், ஒரு காலத்தில் பெயராகவும் தொகையாகவும் இருந்த மையெழுத்து, வெளிர்நிறப் பரப்பெங்கும் கரும்புள்ளிகளாகச் சிதறித் தெரியும். எந்த நெசவாளரும் முன்கூட்டி வரைந்துவிட முடியாத அந்தக் கோலம் ஒவ்வொரு துணிக்கும் தனித்தன்மை தந்தது. எடை குறைந்ததும் துவைத்து உடுத்தத் தக்கதுமான இத்துணி உழைப்பவர் உடலுக்கு உகந்ததாக இருந்தது.

இன்றைய மியாகி மாவட்டத்தைச் சேர்ந்த ஷிரொயிஷி ஊர் இந்த நெசவை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றது. 1602 முதல் ஷிரொயிஷி கோட்டையை ஆண்ட கத்தகுரா குடும்பத்தினர், செண்டாய்ப் பகுதித் தலைவர்களான தாத்தே குலத்தினரின் முதன்மைத் துணைவர்கள். அவர்களுடைய ஆதரவில், புதிய தாளிலிருந்து மிக மெல்லிய நூல் எடுத்துப் பட்டுப் பாவில் நெய்த ஷிஃபு சாமுராய் வீரர்களின் கோடைகால உடையாகவும், மேலிடத்துக்கு அனுப்பும் காணிக்கையாகவும் மதிப்புப் பெற்றது. உழவர் வீட்டில் பற்றாக்குறையால் பிறந்த ஒரு நுட்பம் கோட்டைக்குள் புகுந்தது என்பதே அதன் தரத்துக்குப் போதிய சான்று. மெய்ஜி காலத்தில் ஆலைநூல் மலிந்து, சாமுராய் வகுப்பும் மறைந்தபின் ஷிஃபு வழக்கொழிந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் கத்தகுரா குடும்ப வழிவந்த கத்தகுரா நொபுமிட்சு, தாள் வார்க்கும் எண்டோ ததாவோ முதலியோர் ஒன்றுசேர்ந்து, எஞ்சியிருந்த பழந்துணிகளை ஆராய்ந்து அதை மீட்டெடுத்தனர்.

ஐரோப்பாவில் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் செய்தித்தாள் துண்டுகளையும் சுவர்த்தாளையும் ஓவியத்தில் ஒட்டியபோது ‘கொலாஜ்’ என்னும் ஒட்டுச்சித்திரம் நவீனக் கலையின் புரட்சியாகக் கொண்டாடப்பட்டது. அதற்குப் பின் ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் பயணச்சீட்டுகளையும் பொட்டலத்தாள்களையும் பொறுக்கி ஒட்டி அதை விரிவாக்கினார். அவர்களுடைய சாதனை பெரிது. ஆயினும் பயன்பட்டுத் தீர்ந்த தாளின் எழுத்தும் கிழிசலும் புதிய படைப்பில் தொடர்ந்து வாழத் தக்கவை என்னும் உண்மையை, கலைஞர் என்று தம்மை அழைத்துக்கொள்ளாத தாள்தொழிலாளரும் நெசவாளரும் பல தலைமுறைகளுக்கு முன்பே தம் கைகளால் நிறுவியிருந்தனர். கலை வரலாற்று நூல்களில் அவர்களுக்கும் உரிய இடம் வழங்கப்படவேண்டும்.

கோசோ இழையை மட்டுமே கொண்டு தாள் வார்க்கும் மூன்று ஜப்பானிய ஊர் மரபுகளை யுனெஸ்கோ 2014இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தாள் நிலைத்தால்தான் அதிலிருந்து நூலும் துணியும் பிறக்கும். இன்று பழந்தாளைக் கையிலெடுக்கும் கைவினைஞர்கள், குறிப்பாக அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இந்த வரலாற்றிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு: வண்ணம் பூசி எழுத்தை மறைப்பதற்கு முன், அந்தத் தாளின் இழை எத்தகையது, அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதில் எந்தப் பகுதி தெரியத் தக்கது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.