விடியுமுன் வீழ்ந்த மரங்கள்

எஃகுக்குப் பெயர்போன ஆங்கில நகர் ஷெஃபீல்டு. 2012-இல் அந்நகர மன்றம், சாலைகளையும் சாலையோர மரங்களையும் 25 ஆண்டுக் காலத்துக்கு அமே எனும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தத்தின் மதிப்போ 200 கோடி பவுனுக்கும் மேல்!

மரங்கள் ஏறத்தாழ 36,000. அவற்றுள் 17,500 மரங்களை அகற்றிக் கன்று நடுவதென்ற இலக்கம் ஒப்பந்தத்தில் ஒளிந்து கிடந்தது. ஊரார்க்கு அது வெளிச்சமானது 2018-இல்தான்!

பட்ட மரத்தை வெட்டினால் எவர் தடுப்பார்? பசுமரத்தையும் வெட்டினர்; மக்கள் மறித்தனர். 2016 நவம்பர் 17, இருள் பிரியாத வேளை. ரஸ்ட்லிங்ஸ் சாலையில் இரம்பம் இரைந்தது. எழுபது வயதை எட்டிய மாதர் இருவர் கைதாயினர். அவர்கள்மீது பாய்ந்தது எது? தொழிற்சங்கச் சட்டம்! பின்னர் வழக்குக் கைவிடப்பட்டது.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தபின், 2018 மார்ச்சில் வெட்டு நின்றது. மன்றம் மக்களையும் நீதிமன்றத்தையும் பிழையான வழியில் நடத்தியதென, 2023-இல் மார்க் லோகாக் விசாரணை அறிக்கை உரைத்தது. மன்றம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு, மாண்ட மரத்துக்கு நிழல் தருமா?

வேலையைப் பிறரிடம் விடலாம், பொறுப்பை விடலாமோ? மக்கள் பணத்தில் எழுதிய ஒப்பந்தம், மக்கள் கண்ணுக்கு மறைபொருள் ஆகலாமோ? மந்திரமாயினும் ஒப்பந்தமாயினும், படித்துப் பார்க்காதே என்றால், அதனையே முதலில் படிப்போம் நாம்!