கிழிந்த கோன்

1951 மார்ச்சில் ஐக் டர்னரும் அவருடைய குழுவும் மிசிசிப்பியிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் போனார்கள். போகிற வழியில் வில்லி கிஸார்ட்டின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டுவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள் சிலர், மழையில் நனைந்தது என்பார்கள் சிலர். எப்படியோ, சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இறக்கிப் பார்த்தால் ஸ்பீக்கர் கோன் பாழ். பழுது பார்க்க நேரமில்லை. ஃபிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கி உள்ளே திணித்து, அப்படியே வாசிக்கச் சொன்னார். கரகரப்பாக, ஏறக்குறைய சாக்ஸஃபோன் போல ஒரு சத்தம் வந்தது. அதை ஒளித்துவைக்காமல் முன்னால் கொண்டுவந்து பதிவு செய்தார். 'ராக்கெட் 88' அந்த வருடமே பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

இது விபத்து. அடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். லிங்க் ரே 1958இல் 'ரம்பிள்' பதிவுக்காகப் பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். ஒரு வார்த்தைகூட இல்லாத வெறும் வாத்திய இசை, அதையே சில வானொலி நிலையங்கள் தடை செய்தன! 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் குட்டி எல்பிகோ ஆம்ப்ளிஃபையரின் கோனை பிளேடால் கீறினார். 'யூ ரியலி காட் மீ' பிறந்தது. இதற்கிடையில் நாஷ்வில்லில் ஒரு மிக்ஸிங் மேஜையின் ஒரு சேனல் கெட்டுப்போக, அந்தச் சத்தத்தை வேண்டும்போது வரவழைக்க மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெடல் 1962இல் கடைக்கு வந்துவிட்டது. பிளேடு தேவையில்லை, காலால் மிதித்தால் போதும்.

ஆக, சரித்திரத்தைக் கேட்டால் கிழிசலுக்கு மரியாதை இருக்கிறது. சந்தையைக் கேட்டால் கதையே வேறு. கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து ஒரு ஸ்பீக்கரை இறக்கியபோதுதான் எனக்கு இது உறைத்தது.

பெரியப்பா இங்கிலாந்தில் வேலை பார்த்தவர், வார இறுதிகளில் கிட்டார் வாசித்தவர். ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் மிச்சம். பன்னிரண்டு அங்குலம், பின்பக்கம் காந்தத்தின் மேல் பச்சை பிளாஸ்டிக் மூடி. செலஸ்டியன் ஜி12எம். கிட்டார்காரர்கள் கிரீன்பேக் என்பார்கள். லேபிளில் தேம்ஸ் டிட்டன் முகவரி. பிறகு உற்பத்தி இப்ஸ்விச்சுக்கு நகர்ந்தபோது முகவரியும் மாறியது. உலோகச் சட்டத்தில் குத்தியிருந்த எழுத்துகளிலும் எண்களிலும் நாள், மாதம், வருடம் எல்லாம் ஒளிந்திருக்கும். வருடத்துக்கான எழுத்து பி, அதாவது 1969. கோனில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

"அந்த இரும்பை வித்துத் தொலைடா. மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்" என்றார் பெரியம்மா.

ஸ்பீக்கரில் எது கெட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கோனின் அடியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், காந்தத்தின் இடுக்கில் மயிரிழை இடைவெளியில் மேலும் கீழும் போய்வரும். தாங்கக்கூடிய வாட்ஸுக்கு மேல் ஏற்றினால் முதலில் கருகுவது அந்தச் சுருள்தான். கிரீன்பேக் தாங்குவது 20, 25 வாட்ஸ்தான், அதனால் அந்தக் காலத்தில் கருகிப்போனவை ஏராளம். சோதிப்பது எளிது. இரண்டு கை விரல்களாலும் கோனை மெதுவாக, சமமாக அமுக்க வேண்டும். உரசல் சத்தம் வந்தால் சுருள் தேய்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் 16 ஓம் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் சுருள் போய்விட்டது என்று அர்த்தம், சில நேரம் மட்டும் கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்திருக்கும், அதைப் பற்றவைத்தால் சரியாகிவிடும். எங்களுடையதில் உரசல் இல்லை, மீட்டரும் சரியாகவே காட்டியது. கெட்டது காகிதம் மட்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் ஒரே பார்வையில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "காயில் நல்லா இருக்கு சார். ஆனா அம்பது வருஷ பேப்பர், இன்னிக்கி ஒட்டினா நாளைக்கி வேற எடத்துல கிழியும். மொத்தமா புதுக் கோன் போட்டுரலாம்."

"போட்டா பழைய சத்தம் வருமா அண்ணே?"

"மிருதங்கத்துக்குத் தோல் மாத்துறதில்லயா? அதுக்காக அது வேற மிருதங்கமா ஆயிடுமா?"

நல்ல வாதம். ரயிலில் திரும்பி வரும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மிருதங்கத்தில் தோல் தேயும் என்பது முதல் நாளிலிருந்தே ஒப்பந்தம். கட்டைதான் சொத்து. தோல் இன்றும் கிடைக்கிறது, மூட்டுகிற கையும் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரில் குரலில் பெரும்பங்கு கோனுடையது. 1970களின் தொடக்கம் வரை செலஸ்டியனுக்குக் கோன் செய்து கொடுத்தது பல்சானிக் என்ற நிறுவனம். பிறகு வந்த கோன்கள் வேறு கையில் செய்தவை. பழையவற்றுக்குத் தனிக் குரல் என்று வாசிப்பவர்கள் சத்தியம் செய்கிறார்கள். அதில் பாதி மூடநம்பிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் மீதிப் பாதிக்குத்தான் விலை. புதுக் கோன் போட்டால் பழைய கோனும் சுருளும் குப்பைக்குப் போகும். மிஞ்சுவது 1969இன் இரும்பும் காந்தமும்தான்.

அப்படியே விற்கலாம் என்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். நியாயம்தான், உள்ளே இன்னும் என்னென்ன கோளாறோ என்று வாங்குகிறவனுக்கு பயம் இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டை போட்டவர்கள் யாரும் பொக்கிஷத்தைக் கிழிக்கவில்லை. அவரவர் கையிலிருந்த சாதாரண ஆம்ப்ளிஃபையர்தான். 1969இல் கிரீன்பேக்கும் அப்படித்தான், போனால் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம். இன்று அந்த இன்னொன்று இல்லை.

ஆகவே ஒட்டினேன். மெல்லிய டிஷ்யூ தாளை ஓரம் பிசிறாகக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தடித்து நிற்கும்), தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, முன்னும் பின்னும் ஒரு படலம். அவ்வளவுதான். பசை அதிகமானால் கோன் கனத்துவிடும். ஒரு ராத்திரி காயவிட்டு, சின்ன ஆம்ப்ளிஃபையரில் மாட்டி வாசித்தேன். பிசிறு இல்லை.

ஒட்டுப் போட்ட இடத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து, கிழிசலின் நீளத்தையும் எழுதி விற்பனைக்குப் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனிடம் நாலு ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, அதில் மூன்று கிரீன்பேக். நாலும் 16 ஓமாக இருந்து, இரண்டிரண்டாகச் சேர்த்து இணைத்தால்தான் மொத்தமும் 16க்கு வரும். ஒன்று போனால் பெட்டியே கணக்குத் தப்பிவிடும். இரண்டு வருடமாக நாலாவதைத் தேடுகிறானாம். ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தான். ஒட்டை விரலால் தடவிப் பார்த்தான். முழுதாக இருந்தால் என்ன கொடுப்பானோ அதில் முக்கால்வாசி கொடுத்தான். புதுக் கோன் போட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றான்.

பெரியம்மா காபி கொடுத்துவிட்டு, "இதை வச்சு என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டார்.

"மூணு இருக்கு பாட்டி. இது நாலாவது."

"அவரும் நாலு பேரோடதான் வாசிப்பார்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஓடு மாற்றுகிறவர்கள் அடுத்த வியாழக்கிழமை வந்தார்கள்.