புழுங்கல் அரிசியும் உயிர்வேதியியலும்: மலாயா மண்ணில் எழுதப்பட்ட ஒரு பாடம்

தாதியர் கல்லூரியிலும் பிற மருத்துவத் துணைப் படிப்புகளிலும் முதலாண்டு மாணவர் அஞ்சுகின்ற பாடம் எதுவெனக் கேட்டால், பெரும்பாலோர் உயிர்வேதியியலையே சுட்டுவர். நோயாளியைப் பேணக் கற்க வந்தவர்க்கு நொதிகளின் பெயர்களும் வளர்சிதைமாற்ற வழிகளும் எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு. அதனினும் ஆழமான ஐயம் ஒன்றும் உண்டு. அக்கல்வி எங்கோ ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் பிறந்தது, நம் வீட்டிற்கும் மொழிக்கும் அதனோடு உறவில்லை என்னும் எண்ணமே அது.

அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்தவில்லை. உயிர்வேதியியலின் தொடக்க அதிகாரங்களுள் ஒன்று மலாயாவில் எழுதப்பட்டது. சிகாமட்டிலிருந்து தொலைவில் இல்லாத நெகிரி செம்பிலானின் காட்டிலும், கோலாலம்பூரின் காப்பகம் ஒன்றிலும் அது எழுதப்பட்டது. அவ்வதிகாரத்தின் மையத்தில் இருந்தது தமிழ்த் தொழிலாளர் உண்ட புழுங்கல் அரிசி. அந்த வரலாற்றை எடுத்துரைத்து, அதிலிருந்து ஆசிரியரும் மாணவரும் பெறத்தக்க மொழிப்பாடம் ஒன்றைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு நாடு, மூவகை உணவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் மருத்துவமனைகளை நிரப்பிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் மரத்துப்போகும், தசைகள் வலுவிழக்கும், சிலர்க்கு உடல் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் செயலற்று இறப்பு நேரும். அக்காலத்து மருத்துவர் பலர் இதனைத் தொற்றுநோய் என்றே கருதினர். பாஸ்டர், கோக் ஆகியோரின் கிருமிக் கொள்கை மருத்துவ உலகை ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய லெனார்ட் பிராடன் என்பவர் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரே இந்நோய்க்குப் பெருமளவில் ஆளாயினர். கம்பத்து மலாய்க்காரரிடையே அது குறைவு. தோட்டங்களிலும் சாலைப் பணிகளிலும் இருந்த தமிழரிடையேயோ மிக அரிது. காற்றும் நீரும் மூவர்க்கும் பொதுவாக இருக்க, நோய் மட்டும் ஏன் ஆள் பார்த்து வந்தது?

விடை உணவில் இருந்தது. சீனர் உண்டது சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த, நீராவி ஆலைகளில் நன்கு தீட்டப்பெற்ற வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது தம் வயலில் விளைந்து, அவ்வப்போது உரலில் குத்திய அரிசி. அதில் தவிடு ஓரளவு எஞ்சியிருந்தது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1907ஆம் ஆண்டில் பிராடன் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். எனினும், தேங்கிய வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு தோன்றுகிறது என்பதே அவர் தந்த விளக்கம். அவருடைய நோக்கு சரியாக இருந்தது. விளக்கம் தவறாக இருந்தது. அறிவியலில் இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை மாணவர் மனத்தில் கொள்ளல் வேண்டும்.

இரு சோதனைகள்

பிராடனின் கருத்தைச் சோதிக்க முற்பட்டவர் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் வகுத்தார். ஒரு பிரிவினர்க்கு வெள்ளைப் பச்சரிசிச் சோறு; மற்றவர்க்குப் புழுங்கல் அரிசிச் சோறு. பச்சரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேல் பெரிபெரிக்கு ஆளாயினர்; 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவருள் இந்நோயால் இறந்தவர் எவருமிலர். ஒப்புதல் அளிக்கும் நிலையில் இல்லாத மனிதர்மேல் நடந்த சோதனை இது. இன்றைய மருத்துவ அறம் இதனை ஒருபோதும் ஏற்காது. அந்தப் பதினெட்டு உயிர்களையும் நினையாமல் இதன் பயனை மட்டும் பேசுவது தகாது.

அடுத்த சோதனை, 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டான்டன் ஆகிய இருவருடையது. நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் பகுதியின் காட்டில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரை அவர்கள் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவிற்கு வெள்ளை அரிசி. மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியது, மற்றதில் தோன்றவில்லை. இவ்வாய்வு 1909இல் வெளிவந்தது. சிகாமட் வழியே ஜொகூர் பாரு செல்லும் இருப்புப்பாதை திறக்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான்.

இச்சோதனையின் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. பிராடன் ஒப்பிட்டது மூன்று இனத்தாரை. ஆதலின் காரணம் இனமா, வாழ்விடமா, தொழிலா, உணவா என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. பிரேசரும் ஸ்டான்டனும் ஒரே இனத்தாரை, ஒரே தொழிலில், ஒரே காட்டில் வைத்து அரிசியை மட்டும் மாற்றினர். காப்பு தமிழனின் உடலில் இல்லை, அவன் உண்ட தானியத்தில் இருந்தது என்பது அதனால் விளங்கிற்று. அவர்கள் மேலும் சென்று, தீட்டும்போது நீக்கப்படும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளதென்றும் காட்டினர். நோய்க்குக் காரணம் நஞ்சு ஒன்று வந்து சேர்வது அன்று, தேவையான ஒன்று இல்லாமற்போவது என்பது உறுதிப்பட்டது.

இவ்வெண்ணத்திற்கு முன்னோடிகளும் உளர். டச்சு ஆட்சியிலிருந்த பத்தாவியாவில் கிறிஸ்டியான் எய்க்மன் 1890களில் தீட்டிய அரிசி உண்ட கோழிகளுக்கு நரம்புநோய் வருவதைக் கண்டார். அவர் வழிவந்த கெரிட் கிரெய்ன்ஸ் 1901இல் அது குறைபாட்டு நோய் என்றார். 1912இல் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ எனப் பெயரிட்டார். 1926இல் யான்சனும் டோனத்தும் பத்தாவியாவிலேயே அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டு, செயற்கையாகவும் உருவாக்கினார். அதுவே தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1.

உடலினுள் நிகழ்வது

நாம் உண்ணும் சோறு குளுக்கோசாக மாறி உயிரணுவினுள் செல்கிறது. அங்கே அது படிப்படியாகச் சிதைந்து பைருவேட் என்னும் பொருளாகிறது. பைருவேட் அடுத்த கட்டத்திற்குச் சென்றால்தான் ஆற்றலின் பெரும்பகுதி கிடைக்கும். அக்கட்டத்தை நடத்தும் நொதி தனித்து இயங்காது. தயமினிலிருந்து உருவாகும் துணைநொதி அதற்கு வேண்டும். தயமின் இல்லையெனில், ஆலையின் கதவு திறக்காமல் வாயிலிலேயே ரப்பர்ப் பால் தேங்குவது போல, பைருவேட்டும் அதிலிருந்து உண்டாகும் லேக்டிக் அமிலமும் தேங்குகின்றன. ஆற்றலை இடையறாது வேண்டுகின்ற நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. மரத்த கால், வீங்கிய உடல், திணறும் மூச்சு ஆகிய அனைத்திற்கும் வேர் இதுவே.

வயது வந்தவர்க்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் தயமின் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மிகுதி. உடலில் சேமிப்பாக இருப்பதோ ஏறத்தாழ 30 மில்லிகிராம். சில வாரங்களில் அது தீர்ந்துவிடும்.

இப்போது புழுக்குதலைக் காண்போம். நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, பின்னரே குத்துகிறோம். தயமின் நீரில் கரைவது. ஆதலின் ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள அதன் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்கு நகர்கிறது. வெப்பத்தால் மாவுச்சத்து இளகிப் பின் இறுக, அது அங்கேயே நிலைத்துவிடுகிறது. பிறகு தவிடு நீக்கப்பட்டாலும் தயமின் முற்றிலும் போய்விடுவதில்லை. நீரில் கரையும் அதே இயல்பினால், அரிசியைப் பலமுறை கழுவிக் கழுநீரைக் கொட்டுவதும் கஞ்சியை வடித்து ஊற்றுவதும் அதனைக் குறைக்கின்றன.

பெருமையும் எல்லையும்

இதனைக் கேட்டதும், நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே புழுக்கினர் என்று பெருமை பேசுதல் எளிது. அது வரலாறு ஆகாது. புழுங்கல் அரிசி குத்தும்போது உடைவது குறைவு, நெடுநாள் கெடாது. அதனைப் புழங்கியவர் இவற்றை அறிந்திருந்தனர், தயமினை அறிந்தாரல்லர். பழக்கம் காத்தது, ஆனால் ஏன் காத்தது என்பதை அது சொல்லவில்லை.

ஏன் என்று அறியாத காப்பு எளிதில் பறிபோகும். சயாம்–பர்மா மரண இரயில்பாதைக்கு 1942க்கும் 1945க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை மாய்த்தன. சத்தற்ற வெள்ளை அரிசியே உணவாகிய அம்முகாம்களில் பெரிபெரியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. முப்பதாண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் வியந்து நோக்கிய அதே மக்கள், அரிசி மாறியதும் பிறரைப் போலவே வீழ்ந்தனர்.

சொல் தாங்கிய அறிவு

மொழியியல் பயின்றவனாக நான் சுட்ட விரும்புவது பிறிதொன்று. அம்மருத்துவர்கள் எழுதிய ஆங்கிலத்தில் நெல், அரிசி, சோறு மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்க இயலும். ஆதலின் ‘பதப்படுத்திய’, ‘பதப்படுத்தாத’ என்னும் அடைகளைச் சேர்த்தே அவர்கள் வேறுபாட்டைக் குறிக்க வேண்டியிருந்தது. மலாய்மொழி பாடி, பெராஸ், நாசி என மூன்றையும் பிரித்துச் சொல்கிறது, தமிழும் அவ்வாறே. அதற்கு மேலும், தமிழ் அரிசியைப் பச்சை எனவும் புழுங்கல் எனவும் வகுத்து வைத்துள்ளது.

புழுங்கு என்பது தன்வினை. புழுக்கு என்பது பிறவினை. புழுக்கம், மனப்புழுக்கம் என்பனவும் இவ்வேரினவே. வெப்பமும் ஈரமும் வெளியேறாமல் உள்ளடங்கி நிற்றலே இச்சொற்களின் பொதுப்பொருள். உமிக்குள் ஈரமும் வெப்பமும் அடங்கி நின்று செய்யும் மாற்றத்தை இதனினும் செறிவாகச் சொல்ல இயலுமோ?

கலைச்சொல் வரலாறும் இவ்வகையில் ஊக்கம் தருவது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழில் கொணர்ந்தார். 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ அவற்றுள் ஒன்று. தமிழில் சொல் உண்டாவெனத் தேடி, இல்லையெனில் வடமொழியை நாடி, அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய எடுத்தாள்வது அவர் முறை. அவ்வழியில் பின்வந்தோர் அமைத்த சொற்கள் பல நன்கு பொருந்துகின்றன. நொதித்தலிலிருந்து நொதி வந்தது; அதன் மேலைச் சொல்லும் ‘புளிமாவினுள் இருப்பது’ என்னும் பொருளுடைய கிரேக்கத் தொடரே. வைட்டமின் என்பதற்கு ‘உயிர்க்கு இன்றியமையாத அமீன்’ என்று பங்க் பொருள்கொண்டார். அவற்றுட் பல அமீன்கள் அல்ல என்பது பின்னர்த் தெரிந்தது. தமிழின் ‘உயிர்ச்சத்து’ அப்பிழையை ஏற்காமல் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டது.

எனினும் எல்லாச் சொல்லும் அத்தகையன அல்ல. கார்போஹைட்ரேட் என்பதை நாம் மாவுச்சத்து என்று வழங்குகிறோம். மாவுச்சத்து அதன் ஒரு வகையே, சர்க்கரையும் அவ்வினத்ததே. ‘மாவுச்சத்தைக் குறையுங்கள்’ என்று கேட்ட நீரிழிவு நோயாளி, சோற்றைக் குறைத்துவிட்டு இனிப்பு நீரை மனநிறைவோடு பருகக்கூடும். ஆகவே சொல்லைத் தருவதோடு அமையாது, அதன் எல்லையையும் விளக்குதல் ஆசிரியர் கடன்.

இன்றைய தேவை

நம் மாணவர் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கி, இடைநிலையில் மலாயில் தொடர்ந்து, கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் முடிக்கின்றனர். மருத்துவமனையில் அவர்கள் சந்திக்கும் முதிய தமிழரோ தம் உடலைத் தமிழிலேயே அறிந்தவர். பெரிபெரி பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது, தயமின் குறைபாடு அவ்வாறு ஆகவில்லை. மிகுதியாகக் குடிப்போர், கருவுற்ற காலத்தில் இடைவிடாது வாந்தியெடுப்போர், சரிவர உண்ணாத முதியோர் ஆகியோரிடம் அது இன்றும் காணப்படும். அத்தகையவர்க்கு முதலில் தயமின் தராமல் குளுக்கோசு ஏற்றினால், எஞ்சியுள்ள சிறிதளவும் செலவாகி மூளை பாதிப்புறலாம். மேலே சொன்ன திறவாக் கதவின் கதையை அறிந்த தாதி, அவ்வெச்சரிக்கையின் காரணத்தையும் அறிவார். ‘சாப்பிட்டது என்ன, குடி உண்டா, கால் மரக்கிறதா’ என்று நோயாளியின் மொழியில் கேட்கவும் அறிவார்.

எனவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. உயிர்ச்சத்துப் பாடத்தைத் தொடங்கும்போது நெல், உமி, தவிடு, பச்சரிசி, புழுங்கல் அரிசி ஆகியவற்றை மேசைமேல் வையுங்கள். பிராடன், பிளெட்சர், பிரேசர், ஸ்டான்டன் ஆகியோரின் பணியைச் சொல்லுங்கள். அதன் பின் வேதிவாய்பாட்டை எழுதுங்கள். மாணவர்களே, நீங்கள் எம்மொழியில் தேர்வெழுதினாலும், கற்ற ஒவ்வொரு கலைச்சொல்லையும் வீட்டிலுள்ள பாட்டிக்கு விளங்கும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால், பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.