வெக்கை போச்சு, கோமாரி போகலை

போன மாசம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். செய்யாறு பக்கம் நாலு மாடு வைத்திருக்கிறார். கோமாரியில் கன்னுக்குட்டி செத்துப்போச்சாம். தாய்மாடு பிழைத்துக்கொண்டது, ஆனால் பால் பாதிகூட இல்லை. "ஏம்பா, எங்க சின்ன வயசுல வெக்கைன்னு ஒண்ணு வரும். மாடுங்க கொத்துக்கொத்தா சாவும். அதையே ஒழிச்சுட்டாங்க. இந்தக் கோமாரிய ஏன் ஒழிக்க முடியல? படிச்சவன்தானே, சொல்லு" என்றார். நொய்டாவில் ஆணி பிடுங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

ஆனாலும் விட மனசில்லை. நைனிடால் போனபோது தங்கமணி, பசங்களோடு முக்தேஸ்வரும் போயிருந்தோம். பசங்களுக்கு அது வெறும் பனிமலை. எனக்கு அங்கிருந்த மாட்டு ஆராய்ச்சிக் கூடம்தான் மனசில் நின்றது. 1889ல் புனேயில் ஆரம்பித்த கூடம் அது. 1893ல் இந்த மலைக்கு மாற்றினார்கள். வெக்கை வைரஸை ஊர் மாடுகள் பக்கத்தில் வைத்து ஆராய முடியுமா? அதனால்தான் காடும் குளிருமான இடம். ராபர்ட் கோக்கே 1897ல் அங்கே வந்து போயிருக்கிறார். 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை ஆட்டுக்கு ஆடு மாற்றி மாற்றிச் செலுத்தி, வீரியம் குறைத்துத் தடுப்பூசி ஆக்கியதும் அங்கேதான்.

வெக்கையிலும் வகைகள் உண்டு. மரபணுவைப் பார்த்தால் ஆப்பிரிக்காவில் இரண்டு கிளை, ஆசியாவில் ஒன்று. ஆனால் மாட்டின் உடம்புக்கு மூன்றும் ஒன்றுதான். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மூன்றையும் தடுத்துவிடும். கென்யாவில் 1910 வாக்கில் எடுத்த ஒரு வைரஸிலிருந்து பிளோரைட் 1960 வாக்கில் செய்த தடுப்பூசி, ஆசியாவிலும் அப்படியே வேலை செய்தது. ஒரு ஊசி, ஆயுசுக்கும் பாதுகாப்பு. பிழைத்த மாடு வைரஸைச் சுமந்து திரிவதும் இல்லை.

இந்தியாவில் 1954ல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கடைசியாக நோய் வந்தது 1995ல், அதுவும் நம்ம தமிழ்நாட்டில்! 2011ல் உலகம் முழுக்க வெக்கை ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுதான்.

கோமாரி வேற ஜாதி. 1922ல் பிரான்சில் வாலே, காரே என்ற இருவர், ஒரு வகை கோமாரி வந்து தேறிய மாட்டுக்கு இன்னொரு வகை மறுபடி வருவதைக் கண்டுபிடித்தார்கள். அவைதான் ஓ, ஏ. பிறகு சி, ஆப்பிரிக்காவில் மூன்று, 1954ல் பாகிஸ்தான் மாதிரியிலிருந்து ஆசியா 1 என்று மொத்தம் ஏழு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. நம்ம நாட்டு ஊசியில் ஓ, ஏ, ஆசியா 1 மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதிலும் ஏ வகை உள்ளுக்குள்ளேயே மாறிக்கொண்டே போனதால், ஊசிக்கான மூல வைரஸையே மாற்ற வேண்டி வந்தது. பாதுகாப்பும் சில மாசம்தான். அதனால்தான் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஊசி. தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் மாசக்கணக்கில் ஒளிந்திருக்கும். பெரிய மாடு பெரும்பாலும் தப்பிக்கும். கன்றுக்கு இதயத்தைத் தாக்கிவிடும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "போன தடவ ஊசிக்கு வந்தாங்கப்பா. பால் குறையுமேன்னு நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வெக்கைக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று பழகின தலைமுறை அவர்.

"அடுத்த ஊசி எப்போன்னு ஆஸ்பத்திரியில கேட்டு வைங்க சித்தப்பா" என்றேன். "நாளைக்கே போறேன்" என்றார். ஊரில் மாடு வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் இருந்தால், நீங்களும் ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.